முதலாளியம்மா தள்ளிய சரக்கு

குழந்தையின் சிரிப்பு இருநூற்று எழுபத்தைந்து. பேட்டரி தனி.

பொம்மைக் கடை வாசலில் இந்தப் பலகையை எழுதி மாட்டியவர் பெரியப்பா. ஏன் முழுசாக முந்நூறு என்று போடவில்லை என்று கேட்டால், சிரிப்பை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள், இருபத்தைந்து ரூபாயாவது குறைத்தால்தான் உதடு பிரியும் என்பார். தெருவில் அவருக்குக் 'கடைசி விலை' என்று பெயர். கடைசி விலை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குக் கீழே இன்னும் மூன்று விலை வைத்திருப்பார். கல்யாணப் பேச்சிலும் இதே வித்தையைக் காட்டப் போய் எந்த இடமும் படியவில்லை. ஆகவே தனிக்கட்டை. தம்பி, தம்பி மனைவி, தம்பி மகள், ஒரு கடை. இவ்வளவுதான் அவர் உலகம்.

தம்பி மகளுக்குப் போன வாரம் ஒரு வயது முடிந்தது. வீட்டில் அவளுக்கு முறையாக ஒரு பெயர் இருக்கிறது. கடையில் அவள் 'முதலாளியம்மா'. பட்டம் சும்மா வரவில்லை. உட்காரப் பழகிய நாளிலிருந்து, கடைக்கு வரும் எந்தப் புதுப் பொம்மைக்கும் முதல் பார்வை அவளுடையது. பாயில் அவள் எதிரே வைப்பார்கள். இழுத்து வாயில் வைத்துக்கொண்டால் பெட்டி பெட்டியாக ஆர்டர் போகும். தள்ளிவிட்டால் சரக்கு அனுப்பியவனுக்கே திரும்பும். அவள் எடுத்தது எல்லாம் விற்றது. மற்ற கடைக்காரர்கள் ஜோசியம் பார்க்கிற காசை இவர்கள் மிச்சம் பிடித்தார்கள்.

இந்தப் பெருமைக்கு நடுவே போன வாரம் பிறந்தநாள் கூட்டத்தில் தூரத்து அத்தை ஒருத்தி, "இன்னும் ஒரு வார்த்தைகூட வரலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேக் இருந்த பக்கம் போனாள். குழந்தையின் அம்மாவுக்கு அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை.

அப்பா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. கடையில் பில் போடுபவர். எந்தக் கவலையையும் மடித்துக் கல்லாவுக்கு அடியில் செருகிவிடுவார். தானும் தாமதமாகத்தான் பேசியதாகவும், பேச ஆரம்பித்த பிறகு யாரும் கேட்கவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சரியான பொம்மை கொடுக்காததால்தான் குழந்தை பேசவில்லை என்று அவளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. கிடங்கைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். பாட்டுப் பாடும் யானை, எழுத்துச் சொல்லும் பலகை, பெயர் சொல்லிக் கூப்பிடும் கரடி என்று தினம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள். குழந்தை யானையின் கண் மின்னுவதைப் பார்த்தது; பலகையின் விளக்கைத் தொட்டது; கரடியின் மூக்கைக் கடித்தது. ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த நிலையில்தான் இந்த வாரம் காப்பகத்து அம்மா கடைக்கு வந்தார்.

ஊரில் நான்கு இடங்களில் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். ஐந்தாவது திறக்கப் போகிறார். ஒரு வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு முழு அறைக்குச் சாமான் வேண்டும். பெரியப்பா காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு, குழந்தையை நடுக்கடையில் பாயில் உட்கார வைத்து, சுற்றிலும் சரக்கை அடுக்கி, எல்லாவற்றையும் முடுக்கிவிட்டார். கரடி மேளம் அடித்தது. கார் சுவரில் மோதித் திரும்பியது. முதலாளியம்மா இரு கையையும் ஆட்டிக்கொண்டு கொலுவிருந்தாள்.

காப்பகத்து அம்மா நின்று நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா ஆடுது. இது ஆடினா என் பிள்ளைங்க என்ன பண்ணும்? உக்காந்து வேடிக்கை பாக்கும். எனக்குப் பிள்ளைங்க ஆடணும், பொம்மை சும்மா இருக்கணும்."

பெரியப்பா கரடியை நிறுத்தினார். இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் இதற்கு முன் கண்டதில்லை. அந்த அம்மா பையிலிருந்து ஓர் அட்டைக் குழாயை எடுத்தார். அதற்குள் நுழைந்துவிடக்கூடிய எதுவும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகும் என்று சொல்லி, அலமாரியில் பாதியைக் கழித்தார். கரடியின் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கண் கையோடு வந்தது. அதைப் பெரியப்பாவின் உள்ளங்கையில் மரியாதையாக வைத்தார்.

அவருக்கு வேண்டியவை வேறு. ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள். போட்டு எடுக்க வாய் அகன்ற டப்பாக்கள். பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்க, கனமான அடியுள்ள ஒரு வண்டி. கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் புத்தகம். பெரிய பந்து. அதிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் நாலு சாமான் போதுமாம்; மீதியை மூடி வைத்து, மாற்றி மாற்றிக் கொடுப்பாராம். நாலு என்றதும் பெரியப்பா அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம், ஆட்டினா, தட்டினா சத்தம் வர்ற சாமான். கிலுகிலுப்பை, மணி, மேளம். விளக்கு கிளக்கு இல்லாம."

பெரியப்பாவுக்கு மறுபடி உயிர் வந்தது. இந்தத் துறையில் அவருக்குச் சொந்த ஆராய்ச்சி உண்டு.

"அது ஓடாதும்மா. வாங்கி வெச்சு ஏமாறாதீங்க."

"யார் சொன்னது?"

பாயை நோக்கிக் கையை நீட்டினார். "எங்க முதலாளியம்மா. விளக்கு எரிஞ்சா எடுப்பா, சுத்தினா எடுப்பா. வெறும் சத்தம்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. அவ்வளவு வெவரம்."

காப்பகத்து அம்மா சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

கிடங்கில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

திரும்பிப் போக வேண்டிய சரக்குக்குக் கிடங்கில் ஒரு மூலை உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் அவளே ஒட்டிய சீட்டு. கிலுகிலுப்பை. மணிப் பந்து. அமுக்கினால் கத்தும் வாத்து. மர மேளம். குச்சியால் தட்டும் பலகை. மாதக் கணக்கில் அந்த மூலையைத் தினமும் கடந்திருக்கிறாள். இடத்தை அடைக்கும் சரக்கு, எப்போது கிளம்பும் என்றுதான் இதுவரை பார்த்தாள்.

இன்று எதிர் அலமாரியையும் சேர்த்துப் பார்த்தாள். அங்கே முதலாளியம்மா கை வைத்த சரக்கு. மின்னும் யானை, குதிக்கும் தவளை, விளக்கு ஓடும் ரயில். அவையும் சத்தம் போடுபவைதான். ஆனால் ஒரு பக்கம் இருந்தது கண்ணுக்குத் தெரியும் சத்தம். மறுபக்கம் இருந்தது வெறும் சத்தம்.

வெறும் சத்தம் ஒன்றைக்கூட அவள் மகள் எடுத்ததில்லை.

அம்மா ஒரு மணிப் பந்தை எடுத்தாள். நடக்கும்போது ஒலிக்காதபடி இரண்டு கையாலும் அதை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். கடைக்குள் வந்து, குழந்தைக்குப் பின்னால், நிழல் விழாத பக்கமாக நின்றாள். எல்லாப் பொம்மையும் அணைந்திருந்தது. பந்தை ஆட்டினாள்.

தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்பா பில் எழுதுவதை நிறுத்தினார். குழந்தை பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஆட்டினாள். இன்னும் கிட்டே. இன்னும் வேகமாக. குழந்தைக்கு நூல்தான் முக்கியமாக இருந்தது.

"அவ வேலையா இருக்கா," என்றார் பெரியப்பா. சொன்ன வேகத்தில் குனிந்து குழந்தையின் தலைக்குப் பின்னால் பலமாகக் கைதட்டினார். குழந்தை நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. "பாத்தீங்களா? கேக்குது. நான் சொல்லலை?"

"உங்க கை காத்து அவ கழுத்துல பட்டுச்சு, அத்தான்."

அம்மாவின் குரல் தணிந்துதான் இருந்தது. பெரியப்பா கைகளைப் பிரித்தபடியே வைத்திருந்தார். அடுத்த தட்டலுக்கு அவை சேரவில்லை.

காப்பகத்து அம்மா பையை மூடினார். சளிகூடக் காரணமாக இருக்கலாம், பயப்படவும் வேண்டாம், தள்ளிப் போடவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஆர்டரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கிளம்பினார். வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய வரலாறு பெரியப்பாவுக்குக் கிடையாது. அன்று அந்த அம்மா போனதை அவர் கவனிக்கவே இல்லை.

அப்பா வழக்கம்போல, நாளைக்கு ஒரு நல்ல டாக்டராக விசாரித்துப் போகலாம் என்று தொடங்கினார். அம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். செருப்பு போடவில்லை. அப்பா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

பெரியப்பா பட்டப்பகலில் கடையை மூடினார். ஆத்திரத்தில் ஷட்டரை ஒரே இழுப்பில் கீழே விட்டார். தெருவே அதிர்ந்தது. அம்மாவின் தோளில் குழந்தை திடுக்கிட்டு உடம்பைக் குறுக்கிக்கொண்டது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா ஷட்டரை மறுபடி தூக்கி இன்னொரு முறை விட்டார். குழந்தை மறுபடி குறுகியது. மூன்றாம் முறையும் தூக்கப் போனவரை அப்பா பிடித்து வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் அப்பா ஷட்டரைப் பற்றியே பேசினார். கேட்காத பிள்ளை எப்படித் திடுக்கிடும் என்றார். செருப்பில்லாத தன் காலுக்கடியிலும் தரை அதிர்ந்ததை அம்மா உணர்ந்திருந்தாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சோதனை அறைக்கு அனுப்பினார். சுவர் முழுக்க மெத்தை வைத்த சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான்களோடு ஒரு பெண். இந்தப் பக்கம் நாற்காலியில் அம்மா, மடியில் குழந்தை. இரண்டு மூலையிலும் கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. சத்தம் வரும், குழந்தை அந்தப் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும் என்றாள் அந்தப் பெண். முதலில் சத்தத்தையும் பொம்மையையும் சேர்த்துக் காட்டிப் பழக்குவாள். அதன் பிறகு திரும்பினால்தான் பொம்மை.

"ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு எல்லாச் சத்தமும் கேக்கும். நீங்க அசையக்கூடாது. கண்ணுகூடத் திரும்பக்கூடாது. அம்மா அசைஞ்சா பிள்ளை அதை வெச்சே கண்டுபிடிச்சிடும்."

முதலில் பெரிய சத்தம். மேளம் மாதிரி. குழந்தை திரும்பியது. பெட்டிக்குள் குரங்கு ஆடியது. குழந்தை சிரித்தது. வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, பழக்க தோஷத்தில், அந்தக் குரங்கு எங்கே வாங்கியது, என்ன விலை என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு தன் வாயைத் தானே துடைத்துக்கொண்டார்.

சத்தம் குறைந்தது. குழந்தை திரும்பியது. இன்னும் குறைந்தது. குழந்தை தாமதித்துத் திரும்பியது.

பிறகு வந்தது ஒரு குரல் அளவு. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிற அளவு. அம்மாவுக்கு வலது காதில் தெளிவாகக் கேட்டது. குழந்தை அவள் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி அதே சத்தம். அம்மாவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். திரும்பு, திரும்பு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. குழந்தை உட்கார்ந்திருந்த தொடைகூட அசையாமல் பார்த்துக்கொண்டாள். தன் மகளுக்கு ஒரு சின்ன உதவி செய்யக் கூடாது என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. இடது பக்கம் வந்தது. வலது பக்கம் வந்தது. குழந்தை வளையலைக் கடித்தது. பெட்டிகள் இரண்டும் இருட்டாகவே இருந்தன.

கடைசியில் காதில் ஒரு ரப்பர் முனையை வைத்து இன்னொரு சோதனை. திரையில் மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு தரையோடு தரையாகப் போனது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. காது சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. இந்த வயதில் சளிக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருவதுதான். அதனால் மட்டும் இவ்வளவு மங்கலாகக் கேட்கலாம். அல்லது அதற்குப் பின்னால், நரம்புப் பக்கம், வேறு ஏதாவதும் இருக்கலாம். அது திங்கட்கிழமை, குழந்தையைத் தூங்க வைத்துச் செய்யும் சோதனையில்தான் தெரியும். அதற்கு முன் எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முக்கால் கேக்கும்னு வெச்சுக்கலாமா டாக்டர்?"

"இன்னிக்குச் சொல்ல முடியாதுங்க."

"சரி, பாதி. ஒரு பேச்சுக்கு. பாதிக்குக் குறையாதுன்னாவது சொல்லுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவரை முழுசாகப் பார்த்தார்.

"இது பேசி முடிக்கிற விஷயமில்லைங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக 'கடைசி விலை' அடுத்த விலையைச் சொல்லாமல் எழுந்தார்.

அம்மா ஒன்று மட்டும் கேட்டாள். வீட்டில் என்ன பொம்மை கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும். விளக்குப் பொம்மையில் குற்றமில்லை, அதைப் பார்த்துக் குழந்தைக்குக் கேட்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். போட்டு எடுக்க, அடுக்க, தள்ள ஏதாவது கொடுங்கள். கூடவே தரையில் உட்காருங்கள். கிட்டத்தில், வெளிச்சத்தில், உங்கள் முகம் தெரியும்படி பேசுங்கள். பெரிய பொம்மை அதுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வெடித்தார். இத்தனை நாள் மடித்து மடித்து வைத்த கவலை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. வந்தது பெரியப்பாவின் மேல்.

"பிள்ளையைக் கடையில உக்கார வெச்சு சரக்குப் பாக்கச் சொன்னது நீதான் அண்ணே. அவ தள்ளத் தள்ள நீ ரசிச்சே. நீ வியாபாரத்தைப் பாத்தே, பிள்ளையைப் பாக்கலை."

எந்த விலைக்கும் எதிர் விலை வைத்திருக்கும் மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"உக்காருங்க அத்தான்," என்றாள் அம்மா. பிறகு கணவரிடம், "அவர் மட்டுமா பாத்தார்? பில்லைப் போட்டது நீங்க. 'பிள்ளைக்குப் பிடிக்கலை'ன்னு சீட்டு எழுதி ஒட்டினது நான். மூணு பேரும் அவளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

அப்பா போய் ஜன்னல் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டார். சாயங்கால வெளிச்சம் தரையில் விழுந்தது. அடுக்களையிலிருந்து நாலு கிண்ணங்களையும் ஒரு மர அகப்பையையும் அம்மா எடுத்து வந்து பரப்பினாள். குழந்தை சின்னக் கிண்ணத்தைப் பெரியதற்குள் போட்டது. எடுத்தது. மறுபடி போட்டது. அதில் அப்படி என்ன லாபம் கண்டதோ, விடாமல் செய்தது.

பெரியப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இறங்கினார். வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, குழந்தைக்கு எதிரே குனிந்தார். முதலாளியம்மா என்று கூப்பிடவில்லை. அவளுடைய பெயரை, முறையாக வைத்த பெயரை, எழுத்து எழுத்தாகச் சொன்னார். குழந்தை அவர் உதட்டையே பார்த்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி அவர் தொண்டையைத் தொட்டது. அவர் மறுபடி சொன்னார். கை அங்கேயே இருந்தது.

கேட்டதா, பார்த்ததா, தொட்டுத் தெரிந்துகொண்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா மனதுக்குள் இருப்புக் கணக்கு எடுத்தாள். பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வேலை அதுதான். ஷட்டர், அந்த அறையில் கேட்ட பெரிய சத்தம்: இவை போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்பாவின் தும்மல், பெரியப்பாவின் கைதட்டல்: சந்தேகம், தனியே நிற்கட்டும். 'வா' சேரவில்லை; அதைச் சொன்னபோதெல்லாம் தன் கையையும் நீட்டியிருக்கிறாள். 'டாட்டா' சேரவில்லை, கூடவே கையையும் ஆட்டியிருக்கிறாள். யானையின் பாட்டு, கரடி கூப்பிட்ட பெயர், ஜன்னலில் பெய்த மழை, மூன்றையும் கணக்கிலிருந்து அடித்தாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. பிறந்த நாளிலிருந்து விளக்கை அணைத்துவிட்டு, முகம் தெரியாத இருட்டில் பாடிய தாலாட்டு. கொடுத்தது அத்தனையும். போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று தெரியாது. நிலுவை.